முட்டைக்கு முகவரி உண்டா?

போசரியில் ஓவர்டைம் முடித்துவிட்டு தாபோடியில் உள்ள தன் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், நெல்லையைச் சேர்ந்த நண்பர் ஒருவர். அது மே மாதம். இரவு 9 மணிக்குக்கூட வெயிலின் சூடு தணியவில்லை. வழியில் ஒரு மளிகைக் கடையில் 4 முட்டை வாங்கினார். கடைக்காரர் அட்டையில் இருந்து எண்ணி எடுத்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

அறையில் மொத்தம் 3 பேர். சோறு வெந்துவிட்டது. வெங்காயமும் வதங்கிவிட்டது. முதல் முட்டையை உடைத்து ஊற்றினார். நன்றாக இருந்தது. அதே வாணலியில் இரண்டாவது முட்டையை உடைத்தார். அவ்வளவுதான்! அறை முழுவதும் நாற்றம். வெங்காயம், எண்ணெய், நல்ல முட்டை எல்லாமே குப்பைக்குப் போயின. அன்று மூவரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் மீதி 2 முட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "அண்ணா, அண்ட்யாவர் தாரீக் அசதே கா?" என்று கேட்டார். "முட்டை மேல் தேதி போட்டிருக்கிறதா?" என்பது அதன் பொருள். "வந்ததை விற்கிறேன். ஓட்டுக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?" என்றும் சொன்னார்.

நண்பருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து கேட்டார். "பால் பையில் தேதி இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. தீப்பெட்டியில்கூட விலை இருக்கிறது. முட்டைக்கு மட்டும் ஒன்றும் இல்லையா? இதற்குச் சட்டமே கிடையாதா?"

சட்டம் உண்டு. அது எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது தெரிந்தால்தான் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியும்.

பெட்டி முட்டை, சில்லறை முட்டை

முட்டை நமக்கு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பெரிய கடைகளில் 6, 10, 12 என்று பெட்டியில் அடைத்து விற்பார்கள். தெருக்கடையில் 30 முட்டை கொண்ட காகித அட்டையைத் திறந்து வைத்து, கேட்ட அளவுக்கு எண்ணிக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது ஒரே முட்டைதான். ஆனால், சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு.

பொட்டலப் பொருட்களில் என்னென்ன எழுத வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் 1977-ம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக இப்போது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் நடைமுறையில் உள்ளன.

பொட்டலப் பொருள் என்றால் என்ன? வாங்குபவர் எதிரில் இல்லாதபோது, முன்கூட்டியே அளவு முடிவு செய்து, உறைக்குள் வைக்கப்பட்ட பொருள்தான் பொட்டலப் பொருள். உறை ஒட்டி மூடப்பட்டிருந்தாலும் சரி, மூடப்படாவிட்டாலும் சரி. 6 முட்டைப் பெட்டி இதில் அடங்கும். 30 முட்டை அட்டையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, "அட்டை இவ்வளவு" என்று விற்றால் அதுவும் அடங்கும்.

ஆனால் நீங்கள் எதிரில் நிற்க, கடைக்காரர் 4 முட்டையை எண்ணிப் பேப்பரில் சுற்றித் தந்தால், அது பொட்டலப் பொருள் ஆகாது. அதில் தேதி, விலை, பெயர் எதுவும் எழுத வேண்டிய கட்டாயம் இந்த விதிகளில் இல்லை.

மொத்தமாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பவருக்கு லேபிள் கிடைக்கிறது. அன்றாடம் 4 முட்டை வாங்கும் தொழிலாளிக்கு அது கிடைப்பதில்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

பெட்டி முட்டை வாங்குபவர்கள் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பெயரும் முகவரியும்: முட்டையைப் பெட்டியில் அடைத்தவர் யார், எந்த ஊர் என்பது இருக்க வேண்டும். புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை: மற்ற பொருட்களுக்கு எடை போல, முட்டைக்கு எண்ணிக்கை.

விலை: எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை. இதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் தவறு. ஒரு முட்டைக்கு எவ்வளவு விழுகிறது என்பதையும் இப்போது அச்சிட வேண்டும். 6 முட்டைப் பெட்டி லாபமா, 12 முட்டைப் பெட்டி லாபமா என்பதை இதை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம்.

தேதி: பெட்டியில் அடைத்த தேதியும், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதியும் வேண்டும்.

உரிம எண்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 'எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.' என்ற எழுத்துகளோடு இருப்பது இதுதான்.

அசைவ அடையாளம்: இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இவை ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். வேறு மொழி சேர்ப்பது அடைப்பவரின் விருப்பம். ஆகவே தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், எண்களைப் பார்க்கவாவது பழகிக்கொள்ள வேண்டும். தேதியும் விலையும் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எண்களில்தான் அச்சாகி இருக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியின் மேல் இருப்பது அடைத்த தேதி. அது கோழி முட்டை இட்ட தேதியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே பண்ணைக் கிடங்கு, லாரி, மொத்த வியாபாரி, பெட்டியில் அடைக்கும் இடம் என்று பல நாட்கள் போயிருக்கலாம். சில நிறுவனங்கள் முட்டை இட்ட தேதியை ஓட்டின் மேலேயே அச்சடிக்கின்றன. அப்படி இருந்தால் பெட்டித் தேதியைவிட ஓட்டுத் தேதியை நம்பலாம்.

பச்சையும் பழுப்பும்

பாக்கெட் உணவுகளில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி என்ற வழக்கம் 2000, 2001-ம் ஆண்டுகளில் வந்தது. பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளைத் திருத்தி இதைக் கொண்டுவந்தார்கள். 2020-ம் ஆண்டின் லேபிள் விதிகள் அசைவ அடையாளத்தை மாற்றின. சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் என்று இருந்ததைப் பழுப்பு முக்கோணம் ஆக்கின. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் வடிவத்தை வைத்து அடையாளம் காணலாம் அல்லவா!

பால் சைவம், முட்டை அசைவம். இதுதான் சட்டத்தின் கணக்கு. குஞ்சு பொரிக்காத முட்டை சைவம் ஆகாதா என்ற விவாதம் பழையது. சேவல் இல்லாமல் இடும் முட்டையைப் பால் குடிப்பவர்கள் மறுக்கக் காரணம் இல்லை என்று காந்தியடிகளே உடல்நலம் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் சட்டம் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. முட்டை எந்த வகையாக இருந்தாலும் பழுப்பு அடையாளம்தான்.

ஒரு சலுகை மட்டும் உண்டு. ஒரு கேக்கிலோ பிஸ்கட்டிலோ முட்டையைத் தவிர வேறு அசைவப் பொருள் இல்லை என்றால், பழுப்பு அடையாளத்தோடு, "இதில் முட்டை மட்டுமே உள்ளது" என்றும் தயாரிப்பாளர் எழுதிக்கொள்ளலாம். முட்டை சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், பாக்கெட் உணவில் முட்டை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் உண்டு. பேக்கரிகளுக்குப் பெயர் போன ஊர் புனே. கேக் வாங்கும் சைவக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்மார்க்கும் முட்டையும்

அக்மார்க் என்றதும் நெய்யும் தேனும் நினைவுக்கு வரும். 1937-ல் வந்த அந்தத் தரமிடும் சட்டத்தின் கீழ் முட்டைக்கும் தரம் உண்டு. 60 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் மிகப் பெரியது. 53 முதல் 59 கிராம் வரை பெரியது. 45 முதல் 52 வரை நடுத்தரம். 38 முதல் 44 வரை சிறியது. ஓட்டின் சுத்தம், உள்ளே இருக்கும் காற்றறையின் ஆழம், வெள்ளைக்கருவின் கெட்டித்தன்மை ஆகியவற்றைப் பார்த்து 'ஏ', 'பி' என்று பிரிப்பார்கள்.

இது கட்டாயம் அல்ல. விரும்புபவர் தரமிட்டுக்கொள்ளலாம். ஆகவே தெருக்கடை முட்டையில் அக்மார்க்கைத் தேட வேண்டாம். ஆனால் எடைக் கணக்கு மனதில் இருக்கட்டும். 40 கிராம் முட்டைக்கும் 60 கிராம் முட்டைக்கும் ஒரே விலை கொடுத்தால் நஷ்டம் யாருக்கு?

நாமக்கல்லுக்குப் புனே உறவு

"நாமக்கல்லில் முட்டை விலை 5 காசு உயர்வு" என்று பத்திரிகைகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அந்த விலையை அறிவிக்கும் 'நெக்' என்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைமையகம் நம் புனேயில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1980-களின் தொடக்கத்தில் முட்டை விலையை வியாபாரிகளே முடிவு செய்தார்கள். தீவனச் செலவுகூடத் தேறாமல் பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். கோழிப்பண்ணைத் தொழிலில் முன்னோடியான டாக்டர் பி.வி.ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைத் திரட்டினார். 1982-ல் இந்த அமைப்பு உருவானது. தொலைக்காட்சியில் தினமும் முட்டை சாப்பிடச் சொன்ன இந்தி விளம்பரமும் இவர்களுடையதே.

இந்த விலை ஒரு வழிகாட்டி விலைதான். இதற்கு மேல் விற்றால் தண்டனை என்று சட்டம் எதுவும் இல்லை. அதோடு, இது பண்ணை அளவிலும் மொத்த வியாபாரத்திலும் பேசப்படும் விலை. லாரி வாடகை, உடைசல், கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்துதான் தாபோடிக்கும் தேஹு ரோடுக்கும் வருகிறது. ஆகவே, "பேப்பரில் இவ்வளவுதானே போட்டிருக்கிறது" என்று கடையில் சண்டை போட முடியாது. ஆனால், நெக் விலை குறைந்து பல நாட்கள் ஆன பிறகும் கடை விலை அப்படியே இருந்தால், தாராளமாகக் கேட்கலாம்.

ஓட்டில் எழுத முடியாதா?

"முட்டை மேல் எழுத முடியுமா?" என்று கடைக்காரர் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால், எழுத முடியும் என்பதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், 1989-ல் முட்டை சேர்க்கப்பட்டது. பிறகு படிப்படியாக முட்டைகளின் எண்ணிக்கை கூடியது. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய முட்டை கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக, ஓட்டின் மேல் முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. முத்திரை உள்ள முட்டை வெளியே விற்பனைக்கு வந்தால் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஐரோப்பிய நாடுகளில் 2004-ம் ஆண்டு முதல் கடைக்கு வரும் முட்டையின் ஓட்டிலேயே குறியீடு அச்சிட வேண்டும். முதல் எண் கோழி வளர்ந்த விதத்தைச் சொல்லும். பூஜ்யம் என்றால் இயற்கை முறை. 1 என்றால் வெளியில் மேயவிட்ட கோழி. 2 என்றால் கொட்டகைக்குள் உலவும் கோழி. 3 என்றால் கூண்டுக் கோழி. அடுத்து நாட்டின் எழுத்து, பிறகு பண்ணையின் எண். ஒரு முட்டை கெட்டுப்போனால் எந்த நாடு, எந்தப் பண்ணை என்று கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவில் அரசுத் தரமிட்ட முட்டைப் பெட்டிகளில் 3 இலக்க எண் ஒன்று இருக்கும். ஜனவரி 1-ந் தேதி அடைத்தால் 001. டிசம்பர் 31-ந் தேதி அடைத்தால் 365.

ஆக, ஓட்டில் எழுதுவது முடியாத காரியம் அல்ல. செலவு ஆகும். கட்டாயம் இருந்தால்தான் எல்லோரும் செய்வார்கள்.

சிவப்பு முட்டை எல்லாம் நாட்டு முட்டையா?

புனே கடைகளில் 'காவரான்' என்று சொன்னால் நாட்டுக்கோழி முட்டை. விலை ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். பார்வைக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் நாட்டு முட்டை என்று நம்பி வாங்குகிறோம்.

ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் கோழி வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் ரெட் கோழி பழுப்பு முட்டை இடும். பழுப்பு முட்டை இடும் கோழிகளையும் கூண்டில் அடைத்து, பண்ணைத் தீவனம் போட்டு வளர்க்கலாம். கடக்நாத் என்ற கருங்கோழியின் முட்டை கறுப்பாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் வெளிர் பழுப்புதான்!

வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து நாட்டு முட்டை என்று விற்பவர்களும் உண்டு. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் துணியில் ஒட்டுகிறதா? ஒட்டினால் வாங்காதீர்கள். ஒரு பொருளை வேறொன்றாகச் சொல்லி விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில்லறை முட்டைக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 வாக்கில் "பிளாஸ்டிக் முட்டை" என்று ஒரு பீதி கிளம்பியது. அப்படி முட்டை செய்யும் தொழில்நுட்பமே இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விளக்கம் தந்தது. பழைய முட்டையின் உள்தோல் காய்ந்து காகிதம் போல உரியும். அதைப் பார்த்துப் பயந்தவர்களே அதிகம். அது பழைய முட்டை. பிளாஸ்டிக் முட்டை அல்ல.

கடைக்காரரின் பில்தான் லேபிள்!

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். 4 முட்டை வாங்கியவருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அது பெட்டியில் இல்லை, கடைக்காரரின் கல்லாவில் இருக்கிறது.

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில், விவசாயியின் கையில் இருக்கும் விளைபொருள் 'உணவு' என்ற கணக்கில் வராது. அது வியாபாரியின் கைக்கு மாறியதும் உணவு ஆகிவிடுகிறது. அந்த நிமிடத்தில் இருந்து சட்டத்தின் பொறுப்புகள் எல்லாம் வந்து சேர்கின்றன.

அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு விற்பவரின் பொறுப்பைச் சொல்கிறது. சுகாதாரக் கேடான முறையில் வைத்து விற்றால் அவர் பொறுப்பு. கெட்டது என்று தெரிந்தே வாங்கி விற்றால் அவர் பொறுப்பு. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பொருளை யாரிடம் இருந்து வாங்கினார் என்று அடையாளம் காட்ட முடியாவிட்டாலும் அவரே பொறுப்பு!

26-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடைக்காரருக்கு உணவுப் பொருள் விற்பவர், அதற்கு எழுத்து மூலமான உத்தரவாதம் தர வேண்டும். பில்லோ ரசீதோ கொடுத்தால் அதுவே உத்தரவாதமாகக் கொள்ளப்படும்.

இதன் பொருள் என்ன? சில்லறை முட்டையின் ஓட்டில் தேதி இல்லாவிட்டாலும், அந்த முட்டை வந்த லாரிக்குப் பில் இருக்க வேண்டும். பில்லில் தேதி இருக்கும். மொத்த வியாபாரியின் பெயர் இருக்கும். ஊர் இருக்கும். பெட்டி முட்டைக்கு லேபிள் எப்படியோ, சில்லறை முட்டைக்கு அந்த பில் அப்படி. அதுதான் அந்த முட்டையின் முகவரி.

"வந்ததை விற்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், "எங்கே இருந்து வந்தது, என்றைக்கு வந்தது?" என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பில்லை எடுத்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், அதிகாரி வந்து கேட்டால் யாரிடம் வாங்கினார் என்பதைக் காட்டியாக வேண்டும். இது கடைக்காரர்களுக்கும் தெரியும்.

யாரிடம் சொல்வது?

கெட்டுப்போன முட்டை, சாயம் போட்ட முட்டை, அசுத்தமான கடை இவற்றைப் பற்றி மராட்டிய அரசின் உணவு, மருந்து நிர்வாகத் துறையிடம் புகார் செய்யலாம். மராத்தியில் 'அன்ன வ ஔஷத பிரசாசன்' என்பார்கள். பெட்டியில் விலை இல்லை, எண்ணிக்கை குறைவு, அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டார்கள் என்றால் எடையளவுத் துறையிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'வைத மாபன் சாஸ்திர' விபாகம் என்று பெயர். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

வாங்கிய உணவுப் பொருளை அரசு ஆய்வாளரிடம் கொடுத்து, கட்டணம் கட்டிச் சோதிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொருளில் குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 40-வது பிரிவு இதைச் சொல்கிறது.

ஆனால் 30 ரூபாய் முட்டைக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் ஆய்வாளரைத் தேடிப் போவார்கள்? கேட்கத்தான் செய்வீர்கள். உண்மைதான். ஆகவே, சட்டத்தைத் தெரிந்துகொள்வதோடு, முட்டையைத் தெரிந்துகொள்வதும் முக்கியம்.

வீட்டில் சோதித்துப் பாருங்கள்

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. காற்று உள்ளே போகிறது. நாள் ஆக ஆக, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். குளிர்பெட்டியில் ஒரு வாரத்தில் நடக்கும் மாற்றம், வெளியில் வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே நடந்துவிடும். புனேயின் ஏப்ரல், மே மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போடுங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதியது. அடியில் செங்குத்தாக நின்றால் பழையது. நன்றாக வேகவைத்து உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மிதந்தால் தூக்கி எறியுங்கள்.

செல்போன் வெளிச்சத்தை இருட்டில் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். காற்றறை எவ்வளவு பெரிது என்று தெரியும். கடையிலேயே இதைச் செய்யலாம். பண்ணைகளில் தரம் பிரிப்பதும் இந்த முறையில்தான்.

வாணலிக்கு மேல் முட்டையை உடைக்காதீர்கள். ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நண்பர் இதைச் செய்திருந்தால் ஒரு முட்டையோடு நஷ்டம் நின்றிருக்கும்.

விரிசல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். விரிசல் கிருமிகளுக்கு வாசல். வாங்கி வந்ததும் கழுவி வைப்பதும் நல்லது அல்ல. ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். சமைக்கும்போது கழுவினால் போதும். அகன்ற முனை மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

ஆப்பாயில் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாள் முட்டை என்று தெரியாதபோது, கோடையில் ஆப்பாயிலை விட்டுவிடுங்கள். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைப்பதே பாதுகாப்பு. இரவில் தள்ளுவண்டியில் புர்ஜி பாவ் சாப்பிடுபவர்கள், முட்டையைக் கண் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள்.

வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓடு ஒட்டிக்கொண்டு வந்தால் எரிச்சலாக இருக்கும். எரிச்சல் வேண்டாம். மிகப் புதிய முட்டைதான் அப்படி ஒட்டும்!

நண்பர் என்ன செய்தார்?

இவற்றை எல்லாம் கேட்டுக்கொண்ட நண்பர், அடுத்த வாரம் அதே கடைக்குப் போனார். தனியாகப் போகவில்லை. அக்கம்பக்கத்து அறைகளில் இருக்கும் தமிழர்கள் 5 பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். சண்டை போடவில்லை. ஆளுக்கு 4 முட்டை வாங்குவதற்குப் பதிலாக எல்லோருமாகச் சேர்ந்து ஒரு முழு அட்டை கேட்டார்கள். பிறகு நண்பர் மராத்தியில், "பாவு, அண்டீ கதீ ஆலீ?" என்றார். 'முட்டை எப்போது வந்தது?' என்பது அதன் பொருள். "மாலாச்சீ பாவ்தீ ஆஹே கா?" என்றும் கேட்டார். சரக்குக்கு ரசீது இருக்கிறதா என்று பொருள்.

கடைக்காரர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து, கசங்கிய பில் ஒன்றை எடுத்துக் காட்டினார். வாரத்தில் இரண்டு நாள் சரக்கு வருகிறது, செவ்வாயும் வெள்ளியும் என்றார். அடியில் இருந்த புது அட்டையை எடுத்துக் கொடுத்தார். மேலே இருந்த பழைய அட்டையை அன்று மாலைக்குள் பேக்கரிக்காரரிடம் தள்ளிவிடுவதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நண்பருக்குப் பிடிக்கவில்லை. கேக்குக்குப் போனாலும் அது ஒருவர் வயிற்றுக்குத்தானே போகிறது?

ஆனால் அந்த வாரத்தில் இருந்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சரக்கு இறங்கியதும் ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் கடைக்காரர் பேனாவால் தேதி எழுதி வைக்கிறார். எந்தச் சட்டமும் அதை எழுதச் சொல்லவில்லை. 6 பேர் சேர்ந்து கேட்டார்கள், அவர் எழுதினார்.

நண்பர் இப்போதும் அங்கேதான் முட்டை வாங்குகிறார். வாங்குவதற்கு முன் அட்டையின் ஓரத்தைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் தனிக் கிண்ணத்தில்தான் உடைக்கிறார்.